போகாத கருப்பு

பிப்ரவரி 3

தம்பிக்கு,

பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். அண்ணி சமாதானத்துக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே.

வெளியூரில் உன்னோடு வேலை செய்யும் பாய்லர்காரர் லீவில் வந்திருக்கிறார். பழைய இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நேற்று நம் சாயப்பட்டறைக்கு வந்தார். நான் சாம்பிள் அறையில் துணித் துண்டுகளை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். உன்னைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவராகவே ஆரம்பித்தார். "சின்னவருக்கு என்னம்மா, ஜம்முனு இருக்காரு. அண்ணன் மாதிரியே கட்டைவிரலைத் தூக்கி நகத்தைக் காட்டி, நான் போட்ட கருப்பைப் பாருங்க, எத்தனை தடவ கழுவினாலும் போகாதுன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் பெருமை அடிச்சுக்கறாரு" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கிறார் மனுஷன். அவர் போன பிறகு நான் ஒட்டிய அட்டை முழுக்கத் துண்டுகள் தலைகீழாக இருக்கின்றன. இன்று காலையில் சூப்பர்வைசர் காட்டித்தான் பார்த்தேன்.

எந்தக் கை? நகம் முழுக்கக் கருப்பா, அல்லது அடியிலிருந்து நுனிவரை கோடு மாதிரி ஓடுகிறதா? ஒரு நகத்தில் மட்டுமா? கோடு அகலமாகிக்கொண்டு வருகிறதா? நகத்துக்கு அடியில் இருக்கும் தோலிலும் கருப்பு ஏறியிருக்கிறதா?

உன் அண்ணன் நெஞ்சு வியாதியில் போனார் என்றுதான் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது நெஞ்சில் ஆரம்பிக்கவில்லை என்று உனக்கும் எனக்கும் தெரியும். இருமலுக்கென்று போன ஆஸ்பத்திரியில், படுக்கைமேல் கிடந்த அவர் கையை அந்த டாக்டர் தூக்கிப் பார்த்து, "இந்தக் கட்டைவிரல் எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டபோது நீயும் பக்கத்தில்தான் நின்றாய். தோலில் வரும் புற்றுநோய் நகத்தடியிலும் வரும் என்று நமக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குள் அது அக்குளைத் தாண்டி நுரையீரலுக்குப் போய்விட்டிருந்தது.

தோல் டாக்டரிடம் போ. நாளைக்கே போ. போய்விட்டு எழுது.

அண்ணி


பிப்ரவரி 17

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. வருஷம் ஒன்று ஆன பிறகு நான் உயிரோடு இருக்கிறேனா என்று கேட்கத் தோன்றியதற்கு நன்றி. அதுவும் என்னைப் பற்றி இல்லை, என் நகத்தைப் பற்றி.

நான் சாயக்காரன். எனக்கு நகம் கருப்பாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? இங்கே இருக்கிற இருபது பேரையும் வரிசையாக நிற்க வைத்தால் ஒருத்தனுக்குப் பச்சை, ஒருத்தனுக்கு மெரூன். டாக்டர் எங்களை எல்லாம் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தால் துணிக்கு யார் சாயம் போடுவது?

பாய்லர்காரருக்கு வாய் சும்மா இருக்காது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் கருப்பு நான் போட்டது. எத்தனை தொட்டித் துணியைப் பாழாக்கி, முதலாளியிடம் எத்தனை பாட்டு வாங்கி அந்த ரெசிபியைப் பிடித்தேன் என்று உங்களுக்கே தெரியும். வெயிலுக்கும் வெளுக்காது, துவைத்தாலும் போகாது. "என் தம்பி கருப்பு" என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்வார். அதைச் சொல்லிக்கொள்ள இப்போது என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

வலது கைதான். கோடுதான். வலி கிடையாது. நமைச்சல் கிடையாது. விரல் நன்றாக வேலை செய்கிறது. போதுமா?

அண்ணனை எடுத்த அன்றைக்கு நான் கேட்டதற்குத்தான் பேச்சை நிறுத்தினீர்கள். கேட்டது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கொழுந்தன்


மார்ச் 1

தம்பிக்கு,

வலி கிடையாது என்று தைரியமாக எழுதியிருக்கிறாய். உன் அண்ணனும் அதைத்தான் சொன்னார். வலித்திருந்தால் இன்றைக்கு இருந்திருப்பார்.

அவர் போன பிறகு நான் அந்த ஆஸ்பத்திரியின் தோல் டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன். எனக்கு எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வரவில்லை, அதனால் போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார். நம்மைப் போல் நிறம் உள்ளவர்களுக்கு நகத்தில் பழுப்புக் கோடு வருவது சாதாரணம். பல விரல்களில், மெல்லிசாக, ஒரே சீராக, வருஷக்கணக்கில் மாறாமல் இருந்தால் அதைக் கண்டு பயப்பட வேண்டாம். "எல்லாக் கோடும் எமன் இல்லம்மா" என்றார். ஒரே ஒரு விரலில் புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டே போனால், ஒரே கோட்டுக்குள் இரண்டு மூன்று நிறம் இருந்தால், நகத்தைத் தாண்டித் தோலில் கசிந்தால், நகம் வெடித்தால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்றார். கட்டைவிரலிலும் கால் பெருவிரலிலும்தான் அதிகம் வருமாம். உள்ளங்காலிலும் வருமாம். காலை யார் திருப்பிப் பார்க்கிறோம்?

சாயக்கறைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். கறை நகத்தின் மேலே ஒட்டியிருக்கும்; நகம் வளர வளர அதுவும் மேலே ஏறிப் போய்விடும், அடியில் சுத்தமாக நகம் முளைக்கும். இது வேரிலிருந்தே வருவது, போகவே போகாது.

அதிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் கையைத்தான் பார்க்கிறேன். பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர் விரலைப் பார்த்துக்கொண்டு நின்று, சில்லறை வாங்க மறந்துபோனேன். பட்டறையில் ஷிஃப்ட் முடிந்து கை கழுவ வருபவர்களைக் குழாயடியில் மறித்து விரலை நீட்டச் சொல்கிறேன். "நக இன்ஸ்பெக்டர் வந்தாச்சு" என்று கிண்டல் பண்ணுகிறார்கள். பண்ணட்டும். நீட்டுகிறார்கள் இல்லையா?

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதே. வீட்டில் அவர் விரல் ரேகை இன்னும் இருக்கிறது. வேலை முடிந்து வந்து ஸ்விட்ச் போட்ட இடம், கதவைத் தள்ளிய இடம், எல்லாவற்றிலும் கருப்பாக அந்தக் கட்டைவிரல். பல வருஷம் தேய்த்துத் தேய்த்துத் திட்டியிருக்கிறேன். இப்போது தேய்க்கக் கை வரவில்லை. போன வாரம் வெயில் படும் நேரத்தில் நடையில் நின்று பார்த்தேன். படுக்கையறையிலிருந்து குளியலறைவரை, வியர்வை அழுக்காக நாலு விரல் தடம் மட்டும்; கட்டைவிரலை எடுத்த பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். முதலில் என் தோள் உயரத்தில் இருக்கிறது. அப்புறம் இடுப்பு. கடைசியில் முழங்கால் உயரத்தில் ஒன்று. அந்த உயரத்தில் எப்போது பிடித்தார்? நான் எங்கே இருந்தேன்? கூப்பிட்டாரா? இதெல்லாம் யாரிடம் கேட்பது?

சாயக்காரன் என்று மார்தட்டினாயே, உன் தொழிலை வைத்தே பார். சாயம் உரிக்கும் மருந்தில் விரலை நனைத்துக் கழுவு. சாயம் என்றால் போகும். போகாவிட்டால் அது சாயம் இல்லை.

அண்ணி


மார்ச் 20

அண்ணிக்கு,

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். பதில் வராவிட்டால் பாய்லர்காரரைப் பிடித்து உலுக்குவீர்கள் என்று தெரியும்.

பார்த்தேன். மத்தியான ஷிஃப்ட் மாறும் நேரத்தில் லேபில் யாரும் இல்லை. சாயம் உரிக்கும் ஹைட்ரோஸைக் கரைத்து விரலை முக்கினேன். சுற்றிலும் இருந்த கறை போய்விட்டது. மற்ற விரல்கள் எல்லாம் குழந்தை விரல் மாதிரி வெளுத்துவிட்டன. கோடு மட்டும் அப்படியே இருந்தது.

கையைத் துடைத்துவிட்டு ஷேடு பார்க்கும் பெட்டிக்குள் விட்டேன். உங்களுக்குத் தெரியாததா, அட்டையில் ஒட்டுகிற துண்டை எல்லாம் அதில் வைத்துத்தானே பார்க்கிறோம். டியூப்லைட்டில் ஒரே கருப்பாகத் தெரிந்தது. பகல் வெளிச்ச விளக்கைப் போட்டதும் பிரிந்துவிட்டது. நடுவில் கருப்பு, ஒரு ஓரம் காப்பி நிறம், இன்னொரு ஓரம் சாம்பல். துணியாக இருந்தால் ஷேடு சேரவில்லை என்று திருப்பி அனுப்பியிருப்பேன். நகத்துக்குக் கீழே தோலிலும் இருக்கிறது. நன்றாக அலசாத துணியிலிருந்து பக்கத்துத் துணிக்குச் சாயம் இறங்குமே, அப்படி இறங்கியிருக்கிறது.

பெட்டிக்குள் இருந்தது என் கை இல்லை அண்ணி. அண்ணன் கை. அதே கட்டையான விரல், மூட்டில் அதே சுருக்கம். பெட்டியின் அந்தப் பக்கம் அவர் குனிந்து நின்று பார்ப்பது மாதிரி இருந்தது. ஷேடு பார்க்கும்போது மூக்கால் ஒரு மூச்சு விடுவாரே, அது கேட்டது. விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். அதிலிருந்து வலது கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் நடக்கிறேன். இடது கையால் சாப்பிடுகிறேன்.

டாக்டரிடம் போகவில்லை. போனால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். வெட்ட வேண்டும் என்பார்கள். ஈரத் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நெருடிப் பார்த்துத்தான் சாயம் உள்ளே இறங்கியதா என்று சொல்வேன். எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. கட்டைவிரல் போனால் நான் யார்? தொட்டி கழுவவா?

அண்ணனுக்கும்தான் வெட்டினார்கள். விரலை வெட்டினார்கள், அக்குளில் வெட்டினார்கள், அப்புறம் மருந்து ஏற்றினார்கள். என்ன ஆயிற்று? போகிறவன் முழுசாகப் போகட்டும் என்று தோன்றுகிறது. என்னை விடுங்கள் அண்ணி.

சின்னவன்


மார்ச் 27

சின்னவனுக்கு,

விடமாட்டேன்.

இதை எழுதக்கூடாது என்று ஒரு வருஷமாக இருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு வேறு வழி தெரியவில்லை.

அவரை எடுத்த அன்றைக்குக் கூடம் நிறைய ஆள் இருக்கும்போது நீ என்னைக் கேட்டாய். "கூடவே இருந்த உங்களுக்குக் கண்ணு இல்லையா அண்ணி? தினம் அந்தக் கையைப் பார்க்கலையா?" என்றாய். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன் சித்தி முக்காட்டை இழுத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை. அதையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

எனக்குக் கண் இருந்தது. முதலில் பார்த்தவள் நான்தான். நீ அந்தக் கருப்பைப் பிடித்த வருஷம். துணி மடித்துக்கொண்டிருந்தோம், அவர் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதென்னங்க கோடு, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன். அவர் விரலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "அட போ, இது தம்பி போட்ட கருப்பு. நகத்துக்கே இப்படிப் பிடிச்சிருக்குன்னா துணிக்கு எப்படிப் பிடிக்கும் பாரு" என்றார். அப்புறமும் எத்தனையோ முறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் அதே பதில். துணி வாங்க வந்தவர்களிடம் எல்லாம் அந்த விரலைக் காட்டினார். நகம் வெடித்து நீர் கசிந்தபோது டேப் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். உன் பெயரைச் சொல்லிச் சொல்லியே அதை வளர்த்தார்.

இதை அன்றைக்கே கூடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ ஆயுசுக்கும் தலை நிமிர்ந்திருக்கமாட்டாய். அவர் போனது போதும், நீயும் போக வேண்டாம் என்று கண்ணில்லாதவள் என்ற பெயரை வாங்கிக்கொண்டு இருந்துவிட்டேன். உன்னோடு பேசாமல் இருந்ததும் வெறும் கோபத்தினால் இல்லை. வாயைத் திறந்தால் இது வந்துவிடுமோ என்று பயம். கடிதம் என்றால் எழுதிக் கிழித்துப் போடலாம். எத்தனையோ கிழித்திருக்கிறேன்.

இப்போது உன்னைத் தண்டிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்தக் கருப்பு உன் அண்ணனுக்கு வியாதியைக் கொடுத்தது என்று டாக்டரம்மா சொல்லவில்லை. நான் கேட்டேன், அப்படிச் சொல்ல முடியாது என்றார். கறை அதை மறைத்தது, பெருமை அதை மூடி வைத்தது, அவ்வளவுதான். நீயும் அதே பெருமையோடு அதே விரலைத் தூக்கிக்கொண்டு திரிகிறாய் என்பதால் சொல்கிறேன்.

அண்ணனுக்கும் வெட்டினார்கள் என்கிறாய். அது விரலைவிட்டு ஓடிப்போன பிறகு வெட்டினார்கள். திருடன் ஓடிப்போன பிறகு வீட்டைப் பூட்டின கதை. உன்னுடையது இன்னும் விரலிலேயே இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் என்னால் சொல்ல முடியும். பார்த்தால்தானே தெரியும்?

விரல் போனால் நான் யார் என்று கேட்டாய். எனக்குக் கொழுந்தன். எனக்கு மிச்சம் இருப்பது நீ ஒருத்தன்தான். இன்னொரு முறை ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை உட்கார வைக்காதே. என்னால் முடியாது, அழுகையாக வருகிறது.

போ.

அண்ணி


மே 9

அண்ணிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் அறையைவிட்டு வெளியே போகவில்லை. உங்களைத் திட்டினேன், சத்தமாகவே திட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர் யாரோடு சண்டை என்று கேட்டார். அண்ணனோடு என்றேன். பிறகு போனேன்.

இங்கே தோல் டாக்டர் என் வயசுக்காரர். விளக்கு வைத்த ஒரு கண்ணாடியை நகத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். விரலை மரத்துப்போகச் செய்து, நகத்தைத் தூக்கி, வேரிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து அனுப்பினார். முடிவு வரும்வரை நான் வேலைக்குப் போனேன். எந்தத் தொட்டியில் என்ன போட்டேன் என்று கேட்டால் தெரியாது.

அதுதான் என்று வந்தது. ஆனால் மெல்லிசு, ஆழமாக இறங்கவில்லை என்றார். "இன்னும் ஆறு மாசம் விரலைக் காட்டிப் பெருமை பேசிட்டு வந்திருந்தீங்கன்னா வேற பேச்சு பேசியிருப்போம்" என்றார். பாய்லர்காரர் அங்கேயும் போய்ச் சொல்லியிருக்கிறார்.

கட்டைவிரலின் மேல் மூட்டோடு எடுத்தார்கள். கீழ்ப் பாதி இருக்கிறது. அதற்கு முன்னால் விரலில் நீலச் சாயம் ஊசியாகப் போட்டார்கள். அந்தச் சாயம் அக்குளில் நெறி கட்டும் இடங்களில் எதற்கு முதலில் போய்ச் சேருகிறதோ, நோயும் அங்கேதான் முதலில் போயிருக்கும், அதை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும் என்றார்கள். சாயம் வைத்துத் தேடுகிறார்கள் அண்ணி. மேஜையில் படுத்துக்கொண்டு அந்த நீலத்துக்கு ஷேடு பெயர் சொன்னேன். நர்ஸ் சிரித்தார்.

அந்த இடம் சுத்தமாக இருக்கிறது. ஓடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும், மற்ற நகம், உள்ளங்கால், உடம்பு முழுக்கத் தோல், அக்குள், எல்லாம். திரும்பி வரவே வராது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பிவிட்டேன். துணியை நடுவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நெருடப் பழகுகிறேன். தப்புத் தப்பாக வருகிறது. இல்லாத பாதிவிரல் இன்னும் ஈரமாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் அதைத் துடைக்கப் பார்க்கிறேன், துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. அப்போதெல்லாம் அண்ணன் பக்கத்தில் இருக்கிறார். தன் விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கூடத்தில் உங்களை அப்படிக் கேட்டேனே. அதற்கு என்ன எழுதினாலும் போதாது. சித்திக்கும் மற்றவர்களுக்கும் நடந்ததை எழுதிப் போட்டுவிட்டேன், நீங்கள் வேண்டாம் என்பீர்கள் என்று தெரிந்தே.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மறைக்காமல் எழுதுங்கள். நீங்கள் முதல்முறை அந்தக் கோட்டைக் காட்டியபோது, இது தம்பி போட்ட கருப்பு என்று அண்ணன் சொன்னாரே. அதைச் சொல்லும்போது அவர் எப்படி இருந்தார்? உள்ளுக்குள் பயந்துகொண்டு சொன்னாரா? சிரித்தாரா?

சின்னவன்


மே 16

சின்னவனுக்கு,

சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

உன்னைப் பற்றி அவர் எது சொன்னாலும் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் வரும், அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம். அதற்கப்புறம்தான் நான் பயந்து பயந்து சொல்ல ஆரம்பித்தேன். அந்த முதல் நாள் இரண்டு பேருமே துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தோம்.

லீவு கேட்டு வா. உன் கையை நான் பார்க்க வேண்டும்.

அண்ணி